பஞ்சு இல்ல மொதலாளி

வேலூரில் பஸ் ஏறி, ஆம்பூர் தாண்டி, வாணியம்பாடியில் இறங்குகிற வரைக்கும் வழியில் எத்தனை ஜனம் இருக்கிறதோ, அத்தனை பேருக்கும் ஆளுக்கு இரண்டு காது இருக்கிறது. ஆனால் அதைக் காது என்று மதித்து, கண்ணாடிச் சாமான் மாதிரி பார்த்துக்கொண்ட மனுஷன் ஒரே ஒருத்தர்தான். எங்கள் யூனிட் ஃபிட்டர் பஞ்சு. பல பேர் பெண்டாட்டியைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை. அவர் பெண்டாட்டியையும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். அது பின்னால் வருகிறது.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒடுகத்தூர் பக்கம் எங்களுக்கு வேர்க்கடலைக் கொல்லை. படித்தது ஆறாம் கிளாஸ், அதிலும் பாதி. மீதிப் பாதியை வாத்தியாருக்கே விட்டுக்கொடுத்துவிட்டு ஆம்பூருக்கு வந்து டேனரியில் டிரம் தள்ளச் சேர்ந்தேன். டிரம் என்றால் கொட்டுகிற வாத்தியம் இல்லை. ஒரு ரூம் அளவுக்கு மரப் பீப்பாய். உள்ளே தோலும் தண்ணியும் சாயமும் போட்டு நாள் முழுக்க உருட்டுவது. அப்படித் தள்ளியவன் இன்றைக்குப் பேர்ணாம்பட்டு ரோட்டில் சொந்தமாக நாலு டிரம் வைத்திருக்கிறேன். எம்.பி.ஏ. முடித்தவனெல்லாம் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிறான். ஒரு ஆட்டுத் தோலைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், அந்த ஆடு எந்த ஊர், என்ன தின்றது, யார்கிட்டே உதை வாங்கியது வரைக்கும் சொல்லிவிடுவேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியாமல் போனது. என் காது போய்க்கொண்டிருந்தது. வீட்டில் சொன்னார்கள், யூனிட்டில் சொன்னார்கள், ஊரே சொன்னது. அப்படியும் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். அவர்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

பஞ்சு வேலை கேட்டு வந்தபோது நான் ஸ்டேக்கிங் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன். காய்ந்து விறைத்த தோலை அடித்து அடித்து மெதுவாக்குகிற மெஷின் அது. ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் தகரக் கூரையில் உரல் இடிப்பதுபோல் இருக்கும். இண்டர்வியூவை நான் அங்கேதான் வைப்பேன். அந்தச் சத்தத்தில் நிற்கிறவன்தான் ஆள் என்பது என் கணக்கு.

"பேரு இன்னாபா?"

சொன்னார்.

"பஞ்சுவா?"

"பஞ்சு இல்ல மொதலாளி..." என்று கிட்டே வந்து மறுபடி சொன்னார். அப்போதுதான் அவர் காதைப் பார்த்தேன். இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறத்தில் என்னமோ அடைத்திருந்தது.

"அதான் தெரியுதேய்யா, காதுல பஞ்சு, பேரும் பஞ்சு!" என்று தோளில் தட்டிச் சிரித்தேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். முதலாளி சிரித்தால் எல்லாருக்கும் சிரிப்பு வரும்.

"பஞ்சு இல்ல மொதலாளி, பஞ்சு இல்ல" என்று அந்த மனுஷன் தலையை ஆட்டினார். பிறகு விட்டுவிட்டு, காதிலிருந்ததை உருவிக் காட்டினார். "இது ஃபோமு. பஞ்சு வெச்சா தூசிதான் நிக்கும், சத்தம் நிக்காது."

அன்றிலிருந்து அவர் பஞ்சு. ஃபேக்டரிக்கே பஞ்சு. சம்பள ரெஜிஸ்டரில் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம். கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தவிர வேறு எதையும் நான் அதில் படித்ததில்லை.

காதை மூடி வைத்திருக்கிறவன் என்ன ஃபிட்டர் என்று எனக்குச் சந்தேகம். கம்ப்ரசர் பக்கம் கூட்டிப் போய் விட்டேன். மனுஷன் கையைத் துடைத்தார். காதிலிருந்த இரண்டு ஃபோமையும் எடுத்து, சட்டைப்பையில் வைத்திருந்த சின்ன டப்பியில் போட்டு மூடினார். என் சம்சாரம் நகையை லாக்கரில் வைக்கும்போது இருக்கிற அதே முகம். அப்புறம் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனையை மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் ஒட்டிக் கண்ணை மூடினார். டாக்டர் நாடி பார்ப்பது தோற்றது.

"பேரிங்கு அழுவுது மொதலாளி. பத்து நாள் தாங்கும்."

எட்டாம் நாள் போய்விட்டது. அதைவிட ஆச்சரியம், அன்றைக்குச் சாயங்காலம் அவர் என் ரூம் வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"மன்னிச்சிடுங்க மொதலாளி. அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். காது லேசா அடைச்சிக்கினு இருந்திச்சி. இல்லன்னா எட்டுன்னே சொல்லியிருப்பேன்."

இப்படிப்பட்ட ஆளை எந்த முதலாளியாவது விடுவானா? நானும் விடவில்லை. ஆனால் அவரும் எங்களை விடவில்லை.

முதல் வாரமே ஆரம்பித்தார். பள்ளிக்கூட டிரில் மாதிரி ஒரு ஆள் எதிரில் போய்க் கையை நீட்டித் தோளைத் தொடுவார். அந்தத் தூரத்தில் நின்று சாதாரணக் குரலில், "காலைல இன்னா சாப்ட்ட?" என்பார். எதிராளி "இன்னாது?" என்று கத்தினால் உடனே டப்பியைத் திறந்துவிடுவார். "ஒரு கை தூரத்துல நிக்கிறவன்கிட்ட கத்தித்தான் பேசணும்னா, அந்த சத்தம் உன் காதத் தின்னுதுன்னு அர்த்தம். இந்தா, போட்டுக்க."

போடுவதிலும் சும்மா போட்டுவிட முடியாது. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவணும். ஃபோமை விரலால் மெல்லிசாக உருட்டணும். தலைக்கு மேலே இன்னொரு கையைக் கொண்டுபோய்க் காதைத் தூக்கிப் பிடிக்கணும். உள்ளே விட்டு, அது உப்புகிற வரைக்கும் விரலை எடுக்காமல் நிற்கணும். ஆம்பிளைகள் பத்து நாள் திணறினார்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து வருகிற பொம்பளைங்க ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் பீடி சுற்றிய கை. "இலை இல்லாத பீடிண்ணா இது" என்று சிரித்துக்கொண்டே ஒரு நிமிஷத்துக்கு நாலு உருட்டிப் போட்டார்கள். கை கழுவச் சோம்பேறித்தனப்பட்ட டிரம்காரன் ஒருத்தன் நீலச் சாயக் கையாலேயே சொருகிக்கொண்டான். மூன்று நாளைக்குக் காது மட்டும் நீலம். டீக்கடையில் அவனைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என்னிடமும் வந்தார். எனக்கென்று தனியாக, தலையில் மாட்டுகிற பெரிய மஞ்சள் மூடி ஒன்று வாங்கி வந்திருந்தார்.

"யோவ், இந்த சத்தத்துல நாப்பது வருஷமா நிக்கிறேன். எனக்கு எல்லாம் பழகிடுச்சு."

"காது பழகாது மொதலாளி. செத்துப் போவும். செத்தது அதுக்கப்புறம் வலிக்காதில்ல, அதத்தான் பழகிடுச்சுங்கறீங்க."

முதலாளியிடம் இப்படிப் பேச ஒரு தைரியம் வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் காதைக் குடைகிற பழக்கம். புல்லட் சாவியை எடுத்து உள்ளே விட்டேன்.

மனுஷன் பதறிவிட்டார். "மொதலாளி! அது இன்னா பூட்டா, சாவி போட்டுத் தெறக்க?"

"அழுக்குய்யா."

"அழுக்கு இல்ல மொதலாளி, அது வாட்ச்மேன். தூசி, பூச்சி எதையும் உள்ள விடாது. அது வேல முடிஞ்சா தானா வெளிய வந்துடும். நீங்க சாவியால குத்தி அத உள்ளயே தள்ளி அடைக்கிறீங்க."

என் சம்சாரம் பூண்டு போட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சி என் காதில் ஊற்றுவாள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, வீட்டுக்கே வந்துவிட்டார். "அக்கா, எண்ணெய் காய வெச்சீங்கன்னா அதுல வடை போடுங்க. மொதலாளி காதுல இன்னா போடப் போறீங்க? வலின்னா டாக்டர்கிட்ட போங்க." சம்சாரத்துக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். வடை போட்டாள்.

அவர் புகழ் ஊர் முழுக்கப் பரவியது என் பேத்தியின் காதுகுத்தில். மண்டபம், கறிச்சோறு, மேளம், ஸ்பீக்கர் செட் எல்லாம் நான்தான். எதிலும் நான் குறை வைக்கிறவன் இல்லை. ஸ்பீக்கர் பெட்டியை நாலு பீரோ உயரத்துக்கு அடுக்கச் சொல்லியிருந்தேன். மண்டபத்துத் தூணில் கை வைத்தால் தூண் நடுங்கியது. பேத்தி வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, அதுவும் வாய் திறந்திருப்பதை வைத்துத்தான் தெரிந்தது.

பஞ்சு கையில் ஒரு பரிசுப் பெட்டியோடு வந்தார். வெள்ளிக் கொலுசு என்று நினைத்துப் பெண்களெல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். பிரித்தால் குழந்தை சைசில் ரோஸ் கலர் காது மூடி. நேராகப் போய்ப் பேத்தி தலையில் மாட்டினார். அழுகை அப்படியே நின்றது. மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு, ஏரோப்ளேன் ஓட்டுகிறவர் மாதிரி எங்கள் எல்லாரையும் பார்த்தது.

ஆசாரி ஊசியோடு வந்தார். குத்துவதற்குக் காதைக் காணோம்.

"காதக் காட்டுங்கபா! காதில்லாம எப்டி காதுகுத்து?"

"மூடிய எடுக்கணும்னா செட்ட நிறுத்துங்க. கொழந்த காது பிஞ்சு. இத எடுத்தா அந்த சத்தம் நேரா உள்ள போவும்" என்றார் பஞ்சு.

"இன்னாய்யா, என் பேத்தி விசேஷத்துக்கு செட்ட நிறுத்தறதா?" என்று நான். "உங்க பேத்திக்காகத்தான் நிறுத்தச் சொல்றேன் மொதலாளி" என்று அவர். ஆசாரி ஊசியைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் சம்சாரம் போய் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, பந்தியில் உட்கார்ந்திருந்த என் சம்பந்தி, அணைக்கட்டு ஊர்க்காரர், பக்கத்து இலைக்காரர் காதில் கத்திக்கொண்டிருந்தார். சத்தம் நின்றது அவருக்குத் தெரியவில்லை.

"இவுரு பெருமதான் ஜாஸ்தி, இலைல கறி கம்மி!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது ஆசாரி குத்தினார். பேத்தி "அம்மா" என்று ஒரு குரல் கொடுத்தது. இத்தனை பேரும் வந்திருப்பது அந்தக் குரலுக்காகத்தான் என்று எல்லாருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சம்பந்தி இலைக்கு நானே கறி வாளியோடு போனேன்.

இவ்வளவு நடந்தும் என் காதை நான் சந்தேகப்படவில்லை. டி.வி. சத்தம் கம்மியாக வருகிறது என்று இரண்டு டி.வி. மாற்றினேன். ஜனங்கள் முன்னைப்போலத் தெளிவாகப் பேசுவதில்லை, முணுமுணுக்கிறார்கள் என்று ஊர்மேல் பழி போட்டேன். போனில் புரியாத இடத்தில் எல்லாம் "ஆங், சரி, ஆவட்டும்" என்பேன். அப்படியே இரண்டு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் சார்பில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

யூனிட் ஆட்களை எல்லாம் வேன் வைத்து அமிர்தி அருவிக்குக் கூட்டிப் போனேன். அருவியில் தண்ணி இல்லை. காட்டில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம்.

"இந்த சில்வண்டு சத்தம் இருக்குதே," என்றேன், "இது ஆம்பூர்லயும் வந்துடுச்சுபா. எங்க வீட்டு ஹால்லயே கத்துது. படுத்தா தலகாணிக்கு உள்ள கத்துது."

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "சில்வண்டா? இப்ப ஒண்ணும் கத்தலியே மொதலாளி" என்றாள் ஒரு அம்மா.

பஞ்சு என்னைத் தனியாகக் கூட்டிப் போனார். "எந்தக் காதுல ஜாஸ்தி கேக்குது?"

"மரத்துல கத்தறதுக்கு எந்தக் காதுன்னா இன்னாய்யா அர்த்தம்?"

"மரத்துல இல்ல மொதலாளி. உங்க காதுலதான் கத்துது. உள்ள நரம்பு அடி வாங்கியிருக்குது. ஒரு எட்டு வேலூர் போய் டெஸ்ட் பண்ணிக்கினு வந்துடலாம். போனது திரும்பாது, ஆனா இருக்கிறதையாவது காப்பாத்தலாம்."

"எனக்கு இன்னா வயசாயிடுச்சா? போய்யா, போய் பேரிங்கப் பாரு" என்று கத்தினேன். இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் பேசினாராம். எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் அந்தக் காவி விவகாரம்.

எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற ஷூ கம்பெனியில் ஷபானா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தது. அந்த வீட்டில் முதலில் காலேஜ் போனது, முதலில் ஆபீஸ் வேலைக்குப் போனது அந்தப் பெண்தான். மரியாதையான பெண், என்னை அங்கிள் என்று கூப்பிடும். குரல் மட்டும் பூ மாதிரி. ஒருநாள் நான் டிரம் பக்கத்தில் நிற்கும்போது போன் செய்து, லேடீஸ் ஷூவுக்கு இரண்டு டிரம் தோல் கலர் சொல்லியது. நானும் நேராகக் கலர் போடுகிறவரிடம் போய்ச் சொன்னேன்.

"காவியா மொதலாளி? ஷூவுக்கா?" என்றார் அவர்.

"ஃபாரின்காரனுக்கு இன்னா பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? போடுய்யா!"

போட்டார். என் கலரில் குறை சொல்ல முடியாது. டிரம்மைத் திறந்தால் அப்படி ஒரு காவி. காயப்போட்டதும் யூனிட் பார்ப்பதற்கு மடம் மாதிரி இருந்தது. ஒரு மடத்துச் சாமியார்கள் அத்தனை பேருக்கும் தைக்கலாம், ஆனால் சாமியார்கள் ஹை ஹீல்ஸ் போடுவதில்லை.

மறுநாள் ஷபானாவும் அதன் மேனேஜரும் வந்தார்கள். மேனேஜர் முகம் சிவந்திருந்தது.

"காபி கலர் எங்கே?"

"காபியா? இந்தப் பொண்ணு காவின்னுதான் சொல்லிச்சு."

"இல்ல அங்கிள், காபின்னுதான் சொன்னேன்" என்றது அது. கண்ணில் தண்ணி நின்றது.

மேனேஜர் அதன் பக்கம் திரும்பினார். "ஏற்கெனவே ஒரு தடவ தப்பு பண்ணியிருக்க. இப்ப இது. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

"என் காதால கேட்டேன் சார்," என்றேன் நான், நெஞ்சைத் தட்டிக்கொண்டு. "நாப்பது வருஷ அனுபவம். சத்தியமா காவிதான்."

பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டிருந்தது. ஆறாம் கிளாஸைத் தாண்டாத என் வார்த்தையை நம்பி, படித்த ஒரு பெண்ணின் வேலை அங்கே போய்க்கொண்டிருந்தது.

பஞ்சு சுவர் ஓரமாக நின்றிருந்தார். இரண்டு வாரமாக நான் பேசாத மனுஷன் கிட்டே வந்தார். "மொதலாளி, உங்க போனக் குடுங்க." என் போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும்படி என் மகன் வைத்திருந்தானாம். எனக்கே தெரியாது. மனுஷன் ஆபீஸ் கதவைச் சாத்தினார், ஏ.சி.யை நிறுத்தினார், போனை மேசை நடுவில் வைத்துப் போட்டுவிட்டார்.

கேட்டேன். "பாத்தீங்களா! காவி!" என்றேன்.

ஷபானா நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார். என் கணக்குப் பிள்ளை தரையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ போடுபா."

போட்டார். காவி.

மூன்றாம் தடவை நான் சொல்லாமலே போட்டார். நான் போனில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். காவி. தலையைத் தூக்கினேன். அந்த ரூமில் அத்தனை பேருக்கும் காபி கேட்டிருக்கிறது, எனக்கு ஒருத்தனுக்குத்தான் காவி கேட்கிறது என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. யாராவது சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. பஞ்சு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றேன் மேனேஜரிடம், "இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. காது என்னுது, தப்பும் என்னுது. அதுக்கு வேல போச்சுன்னா இனிமே உங்களுக்கு ஒரு தோல்கூட நான் தர மாட்டேன்."

ஒத்துக்கொள்வதற்கும் ஒரு தில் வேண்டும். அது என்னிடம் எப்பவுமே உண்டு. ஷபானா இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, இப்போது அந்த மேனேஜர் சீட்டில். காவியை இன்னொரு தடவை டிரம்மில் போட்டுக் காபி ஆக்கிக் கொடுத்தேன். எனக்கு அது கைவந்த வேலை. போன காதை எந்த டிரம்மில் போடுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பஞ்சுவே என்னை வேலூருக்குக் கூட்டிப் போனார். சத்தமே நுழையாத ஒரு சின்ன ரூமில் உட்காரவைத்து, இத்தனை நாள் நான் மாட்ட மாட்டேன் என்று அடம்பிடித்த அதே மாதிரி மூடியைத் தலையில் மாட்டினார்கள். கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்தணும். வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பரீட்சை அதுதான், இதிலாவது ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிவிடுவது என்று முடிவு பண்ணி அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். டெஸ்ட் பண்ணுகிற பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது.

"அய்யா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

டாக்டர் ஒரு படம் காட்டினார். கோடு ஒன்று சமமாகப் போய், மலையிலிருந்து உருண்டு விழுந்தது. மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது, திரும்பாது, மீதி இருப்பதை மெஷின் வைத்துக் கேட்கலாம், இனிமேல் சத்தத்தில் காதை மூடாமல் நிற்கக்கூடாது என்றார். பஞ்சு அங்கே "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் போஸ்டர் ஒட்டியிருப்பேன்.

காரில் திரும்பும்போது கேட்டேன். "ஏன்யா, உனக்கு மட்டும் எப்டி இந்தக் காதுப் பைத்தியம் புடிச்சிது?"

மனுஷன் வெட்கப்பட்டார். அப்புறம் எனக்குக் கேட்கிற மாதிரி கிட்டே வந்து சொன்னார். "என் வீட்ல அவ சத்தமாவே பேச மாட்டா மொதலாளி. பொறந்ததுலேர்ந்து அப்டி. சாயங்காலம் போனா, காலைலேர்ந்து நடந்தத எல்லாம் மெதுவா சொல்லிக்கினு இருப்பா. மெஷின் சத்தத்துல காதக் குடுத்துட்டு வீட்டுக்குப் போனா, அத யாரு கேக்கறது?"

காதுமெஷின் வந்தது. முதல் நாள் வீட்டில் என் சட்டை உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. செருப்புக்குக் குரல் இருப்பது தெரிந்தது. சம்சாரம் சமையல்கட்டிலிருந்து, "சாப்ட வாங்க!" என்று ஒரு கத்தல் கத்தினாள். துள்ளிவிட்டேன்.

"எதுக்குடி இப்டி கத்தற?"

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். "இத்தினி வருஷமா கத்திக் கத்தி என் தொண்டையே மாறிப்போச்சு. இன்னிக்கி கேக்கறாரு, எதுக்குக் கத்தறேன்னு" என்றாள். அவள் குரலே அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குறைத்துப் பேச அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. இப்போது பேசுகிற குரலில்தான் அந்தக் காலத்தில் என்னிடம் கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னாள்.

யூனிட்டில் மெஷின்கள் பக்கம் போனால் காதுமெஷினைக் கழற்றிவிட்டு அந்த மஞ்சள் மூடியை மாட்டிக்கொள்கிறேன். ஆபீஸ் ரூமில் மட்டும் காதுமெஷின். இப்போதெல்லாம் இண்டர்வியூவும் ஆபீஸ் ரூமில்தான். முதல் வாரம் ஒருநாள் பஞ்சு வந்து ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு ஏ.சி.யை நோண்டிக்கொண்டிருந்தார். அவர் போன் அடித்தது. எடுத்தார். தனக்குத்தானே பேசுகிற மாதிரி அவ்வளவு மெல்லிய குரல்.

"ம்... மஞ்சுதான் பேசறேன். சொல்லு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"யோவ். உன் பேரு இன்னாய்யா?"

மனுஷன் திரும்பி என் காதைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "மஞ்சு, மொதலாளி. மஞ்சுநாதன். எங்கம்மா ஊரு ஆந்திரா பார்டரு."

"ஏன்யா சொல்லல?"

"மொத நாளே மூணு தடவ சொன்னேனே. பஞ்சு இல்ல மொதலாளி, பஞ்சு இல்லன்னு." சிரித்தார். "அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு எனக்கு, உங்க காது போவுதுன்னு. அதுக்கோசரம்தான் மூடி வாங்கியாந்தேன்."

எத்தனை வருஷம்! ஆளுக்கே தப்பான பேரை வைத்து, அதை நான் வைத்த பேர் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

மற்றவர்கள் இன்னும் பஞ்சு என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கும் அதுதான் பழகியிருக்கிறது, மஞ்சு என்றால் சட்டென்று திரும்புவதில்லை. பரவாயில்லை, நான் கத்துவதில்லை. கிட்டே போய், ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு, சாதாரணக் குரலில் "மஞ்சு" என்கிறேன். அவரும் மெதுவாகத்தான் "இன்னா மொதலாளி" என்கிறார்.

கேட்கிறது.